கேம்பர் பாத்ரூமில் சாக்கடை நாற்றம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

வீடு போலத் தங்கிப் பயணம் செய்யும் ஆர்வி வண்டி, அது இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லரோ தானே ஓடும் மோட்டார்ஹோமோ, பாத்ரூமில் சாக்கடை வாடை அடித்தவுடன் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கடைக்குப் போய், வண்டிக்கு அடியில் கழிவு சேரும் டேங்க்கில் ஊற்றும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வருவது. ஊற்றிய இரண்டு நாளைக்கு மருந்து வாசனையும் நாற்றமும் கலந்து அடிக்கும். அப்புறம் பழைய கதைதான். அமெரிக்காவில் எங்கள் நண்பர் வட்டத்தில் ஆளாளுக்கு வண்டி வாங்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் புகாரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போய்ப் பார்த்த வண்டிகளில் மருந்து போதாமல் நாறியது மிகக் குறைவு.

டேங்க்குக்குள் நாற்றம் இருக்கத்தான் செய்யும். அது கூரைக்குப் போகும் காற்றுக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். அறைக்குள் வருகிறது என்றால், மூடியிருக்க வேண்டிய ஓர் இடம் திறந்திருக்கிறது, அல்லது திறந்திருக்க வேண்டிய குழாய் அடைத்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பல நேரங்களில் ஒரு சொம்புத் தண்ணீரிலோ சின்ன ரப்பர் வளையத்திலோ வேலை முடிந்துவிடும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். அதே வரிசையில் பாருங்கள்.

எதற்கும் முன்னால்: இது சாக்கடை வாடைதானா?

அழுகிய முட்டை நாற்றம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நாற்றத்துக்கு வண்டியில் வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் இரண்டு ஆபத்தானவை.

அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் பக்கமாகத் தரையை ஒட்டி வாடை வருகிறதா, கேஸ் அலாரம் கத்துகிறதா? புரொப்பேன் கசிவாக இருக்கலாம். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். எல்லோரையும் வெளியே கூட்டி வந்து, சிலிண்டர் வால்வை மூடி, வண்டியை விட்டுத் தள்ளி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்லும் வரை உள்ளே போகக் கூடாது.

பேட்டரிப் பெட்டிப் பக்கம் வாடை வருகிறதா? அதிகமாக சார்ஜ் ஏறும் லெட்-ஆசிட் பேட்டரியும் இதே நாற்றத்தைத்தான் விடும். பெட்டி சூடாகவோ உப்பியோ இருந்தால் அந்தப் பக்கம் போகாமல், கேம்ப் இடத்தில் இருக்கும் மின்கம்பத்திலேயே பிரேக்கரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். பேட்டரியையும் அதற்கு சார்ஜ் ஏற்றும் கன்வெர்டரையும் தெரிந்தவர் பார்த்த பிறகுதான் மறுபடி மின்சாரம் கொடுக்கலாம்.

இந்த இரண்டும் இல்லை என்று உறுதியானால் மேலே போகலாம்.

நாற்றம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க

நாற்றம் அடிக்கும் அறையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு எது நாறுகிறது, எது நாறவில்லை என்று சொல்ல முடியாது. எல்லா ஃபேனையும் நிறுத்தி, ஜன்னல்களை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வாருங்கள். வீட்டில் மூக்கு கூர்மையான ஆள் யாரோ அவரை முதலில் உள்ளே விடுங்கள். டாய்லெட், குளிக்கும் இடத்தின் சல்லடை, சிங்க் ஓட்டை, சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரி என்று ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லையா? சமையலறையில் பாத்திரம் மூடும் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போதும். டாய்லெட் வாய், குளியல் சல்லடை, சிங்க் ஓட்டைகள் எல்லாவற்றையும் அந்தத் தாளால் மூடி, ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். சில மணி நேரம் கழித்து வந்து, தாளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பாருங்கள். எதற்கு அடியிலிருந்து நாற்றம் கிளம்புகிறதோ அதுதான் வழி. தாள் மேல்நோக்கி உப்பியிருந்தால் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது என்று அப்போதே சந்தேகப்படலாம். எல்லாம் மூடியிருந்தும் அறை நாறினால், சிங்க் அலமாரிக்குள் இருக்கும் வால்வையும் டாய்லெட் அடியையும் கீழே சொன்னபடி பாருங்கள். அவையும் சரியென்றால் கசிவு சுவருக்குள்ளோ தரைக்குக் கீழேயோ இருக்கலாம். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யப் பெடலை மிதிக்கும்போது மட்டும் குப்பென்று அடிக்கிறது

*கூரை ஃபேன்.* இதைவிட எளிய காரணம் கிடையாது. பாத்ரூம் ஃபேன் ஓடும்போது அது அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். நீங்கள் பெடலை மிதித்த நொடியில் டேங்க்தான் அதற்குத் திறந்த வழி. ஃபேனை நிறுத்தி மிதியுங்கள், வால்வு மூடியதும் மறுபடி போடுங்கள். சமையலறை ஃபேன் ஓடினாலும் இதே கதைதான். நாற்றம் போகட்டும் என்றுதான் எல்லோரும் ஃபேனைப் போடுகிறார்கள், அதுவே நாற்றத்தை இழுத்து வருகிறது. நான் பார்த்ததில் பாதிப் புகார்கள் இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிட்டன.

*காற்றுக் குழாய் அடைப்பு.* ஃபேனை நிறுத்தியும் அடிக்கிறது, மிதிக்கும்போது கீழிருந்து ‘குளுக்’ என்று குமிழி வருகிறது என்றால் கூரைக்கு ஏறுங்கள். டாய்லெட்டுக்கு நேர் மேலேயோ அதன் பக்கத்திலேயோ ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த இலை, பறவைக் கூட்டின் குச்சிகள், குளவி கட்டிய மண் கூடு, எது வேண்டுமானாலும் இருக்கும். மண் கூட்டைக் குத்தி உள்ளே தள்ளாதீர்கள். வளைந்த கம்பியால் மேலே கொண்டுவந்து எடுங்கள். எடுத்தபின் டேங்க் காலியாக இருக்கும்போது ஹோஸ் வைத்துக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். கீழே டாய்லெட் வால்வைத் திறந்து வைத்து ஒருவர் காது கொடுத்தால் டேங்க்கில் தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

கூரை ஏறும்போது கவனம். வண்டிக் கூரை எல்லா இடத்திலும் ஆள் கனத்தைத் தாங்காது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிடுங்கள். ஈரக் கூரையில் ஏறவே வேண்டாம். தொப்பியைத் திரும்ப மாட்டும்போது கூரைக்கென்றே விற்கும் தானாகப் பரவும் சீலன்ட்டைத் தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் நாற்றத்தோடு ஒழுகலும் சேர்ந்துகொள்ளும்.

*குழாய் கீழே இறங்கிவிட்டது.* டேங்க் காலியாக இருக்கும்போது ஒன்றுமில்லை, பாதிக்கு மேல் நிறைந்ததும் நாற்றம் அடிக்கிறது. இப்படி இருந்தால் காற்றுக் குழாய் தன் பிடியிலிருந்து நழுவி, அதன் அடி முனை டேங்க்குக்குள் கழிவில் முங்கிவிட்டது. முங்கிய குழாயில் காற்று எப்படி ஏறும்? கூரையில் பார்த்தால் குழாயின் மேல் முனை கூரை மட்டத்துக்குக் கீழே போயிருக்கும். அது கூரைக்கு மேலே இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டும். மேலே இழுத்து, நழுவாதபடி இறுக்கிப் பிடித்து சீல் பண்ண வேண்டும். கைவேலை தெரிந்தவர்கள் செய்யலாம். இழுத்தும் வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், முரட்டுத்தனமாக இழுத்தால் டேங்க்கின் வாய் விரிசல் விடும்.

அறிகுறி: டாய்லெட்டைத் தொடாதபோதும் நாற்றம், கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதில்லை

வண்டி டாய்லெட்டில் வீட்டு டாய்லெட் போல வளைந்த குழாய் இல்லை. டேங்க்குக்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் சீலும் அதன்மேல் நிற்கும் ஒரு கை அளவு தண்ணீரும்தான். தண்ணீர் இறங்கிவிட்டால் காவல் போய்விட்டது.

சோதனை சுலபம். இரவு படுக்கப் போகும்போது கிண்ணத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். காலையில் குறைந்திருந்தால் சீல் கசிகிறது.

உடனே புது சீல் வாங்க ஓடாதீர்கள். தண்ணீர் இணைப்பை மூடி, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையுறை போட்ட விரலை ரப்பரின் அடிப்பக்கமாக ஒரு சுற்று ஓட்டுங்கள். அங்கே உதட்டு மடிப்பு போல ஒரு பள்ளம் இருக்கும். அதில் சுருண்டு காய்ந்த டிஷ்யூ தாளின் நூல், மணல் போன்ற பரு தட்டுப்படும். வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தால் அது கடின நீரின் உப்புப் படிவு. பழைய டூத் பிரஷ்ஷை வெதுவெதுப்பான வினிகரில் நனைத்துத் தேயுங்கள். படிவு கனமாக இருந்தால் வினிகரில் நனைத்த துணியை ரப்பர்மேல் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கழுவித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். வாஸ்லைன், என்ஜின் ஆயில் இரண்டும் கூடாது. பெட்ரோலியம் பட்டால் இந்த ரப்பர் ஊதி, வடிவம் கெட்டுவிடும்.

மறுபடி இரவுச் சோதனை. இப்போதும் தண்ணீர் இறங்கினால் சீலை மாற்றத்தான் வேண்டும். சில மாடல்களில், டொமெட்டிக் 300 வரிசையில் உள்ளதைப் போல, மேலிருந்தே கையால் உருவி எடுத்து மாற்றலாம். சிலவற்றில் டாய்லெட்டையே கழற்ற வேண்டியிருக்கும். மாடல் எண்ணைப் பார்த்து அதற்கே உரிய சீலை வாங்குங்கள். பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் பொருந்தாது. டாய்லெட்டைக் கழற்றினால் தரைச் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

அறிகுறி: பல நாள் நிறுத்திவிட்டுத் திறந்தால், அல்லது நீண்ட ஓட்டத்துக்குப் பின், குளிக்கும் இடத்திலிருந்து நாற்றம்

ஓட்டைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாயான பி-ட்ராப்பில் தண்ணீர் வற்றிவிட்டது. வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டியில், அரிசோனா மாதிரி வறண்ட ஊரில், அது ஆவியாகிப் போக அதிக நாள் ஆகாது. மலைப்பாதையில் குலுங்கி ஓடினாலும் அலம்பி வெளியேறிவிடும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் தண்ணீருக்குப் பதில் குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க ஊற்றும் இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸை ஊற்றலாம். தண்ணீர் போலச் சட்டென்று ஆவியாகாது. காரில் ஊற்றும் பச்சை ஆன்டிஃப்ரீஸ் விஷம், அதை இங்கே பயன்படுத்தக் கூடாது.

ஊற்றியும் ஓரிரு நாளில் திரும்ப நாறினால் ட்ராப்பின் இணைப்பு கசிகிறது. கீழே கை விட்டுத் தடவி ஈரமா பாருங்கள், கையாலேயே நட்டை இறுக்குங்கள். சில வண்டிகளில் குளியலுக்கு அடியில் இடமில்லாததால் தண்ணீர் தேங்கும் ட்ராப்புக்குப் பதிலாக உள்ளே ஜவ்வு வைத்த வால்வைப் பொருத்தியிருப்பார்கள். அதில் தலைமுடி சிக்கினால் முழுதாக மூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றிப் பாருங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள், ஜவ்வு கிழிந்துவிடும்.

அறிகுறி: சிங்க்குக்குக் கீழ் அலமாரியைத் திறந்தால் நாற்றம்

அலமாரிக்குள், சிங்க் குழாயின் உச்சியில் கறுப்புத் தொப்பி ஒன்று நிற்கும். தண்ணீர் இறங்கும்போது காற்றை உள்ளே விட்டு, மற்ற நேரம் மூடிக்கொள்ளும் வால்வு அது. உள்ளே இருக்கும் ரப்பர் தகடு தூசியால் ஒட்டிக்கொண்டாலோ காய்ந்து போனாலோ மூடாது. கையால் திருகிக் கழற்றலாம். கழுவிவிட்டு, கவிழ்க்காமல் நிமிர்த்திப் பிடித்து ஆட்டினால் தகடு தன் இடத்தில் உட்கார வேண்டும். சந்தேகமாக இருந்தால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும், விலை அதிகமில்லை. மரையில் டெஃப்லான் டேப் சுற்ற மறக்க வேண்டாம்.

இங்கே நம் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி கழுவிய தண்ணீர், மாவுப் பாத்திரம் அலம்பியது, தாளித்த எண்ணெய், சாம்பார் மிச்சம் எல்லாம் சிங்க் வழியாக, சிங்க் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் கிரே டேங்க்குக்குத்தான் போகின்றன. இரண்டே நாளில் அது புளித்து எழுப்பும் நாற்றம் டாய்லெட் கழிவு சேரும் பிளாக் டேங்க்கைத் தோற்கடித்துவிடும். புளிப்பும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த வாடை என்றால் டாய்லெட்டைச் சந்தேகிக்காதீர்கள். பாத்திரத்தை டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். கிரே டேங்க்கைக் காலி செய்து, பாத்திர சோப்போடு பாதி டேங்க் தண்ணீர் விட்டு, அடுத்த இடம் வரை குலுங்க ஓட்டி, அங்கே திறந்து விடுங்கள்.

அறிகுறி: வண்டி ஓடும்போது நாற்றம்

ஓடும் வண்டியில் கூரை வென்ட்டோ பின் ஜன்னலோ திறந்திருந்தால் உள்ளிருந்து காற்று இழுபடும். அவற்றை மூடுங்கள். கிளம்பும்முன் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும், டாய்லெட் மூடியையும் சாத்தி வையுங்கள். கூடுமானவரை டேங்க்கைக் காலி செய்துவிட்டே கிளம்புங்கள். இதெல்லாம் செய்தும் வந்தால் கூரைத் தொப்பியை மாற்றிப் பார்க்கலாம். காற்று வீசும்போது குழாயிலிருந்து மேலே இழுக்கும்படி அமைத்த தொப்பிகள் விற்கின்றன. குழாயில் அடைப்பு இல்லாத வண்டியில்தான் அவை உதவும்.

அறிகுறி: முழு இணைப்பு உள்ள கேம்ப் இடத்தில் மட்டும் நாற்றம்

சாக்கடை இணைப்பு கிடைத்ததும் பலர் கிரே டேங்க்கைக் காலி செய்யும் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். கேம்ப்பின் மொத்தச் சாக்கடையும் உங்கள் டேங்க் வழியாக மூச்சு விட வழி கிடைத்துவிடுகிறது. மூடி வையுங்கள், நிறைந்தால் திறங்கள். திறந்தே வைக்க வேண்டிய கட்டாயம் என்றால் ஹோஸை நடுவில் தாழ்வாகத் தொங்கவிட்டு அதில் தண்ணீர் தேங்கும்படி செய்யுங்கள்.

பிளாக் வால்வை எந்த நிலையிலும் திறந்து வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது குழாய்க்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து காய்ந்துவிடும்.

அறிகுறி: டேங்க்கைக் காலி செய்த பிறகும் நாற்றம் போகவில்லை

அந்தக் கூம்புதான் முதல் சந்தேகம். டார்ச்சை டாய்லெட் வாய்க்குள் அடித்துப் பார்த்தாலே தெரியும். அளவு காட்டும் விளக்கு காலி டேங்க்கையும் நிறைந்ததாகக் காட்டினால் அதுவும் ஓர் அடையாளம், சென்சார்மேல் தாள் ஒட்டியிருக்கிறது.

வால்வை மூடி, டேங்க்கில் முக்கால் பாகம் தண்ணீர் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அந்த நாள்களில் வேறு டாய்லெட்டைப் பயன்படுத்துங்கள். அப்புறம் கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்ப நிரப்பி விடுங்கள். டாய்லெட் வழியாக உள்ளே விடும் சுழல் குச்சி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கூம்பு கெட்டியாகிக் கரையவே இல்லை என்றால், அழுத்த நீரால் டேங்க் கழுவித் தரும் சேவைக்காரர்களைக் கூப்பிடலாம்.

இனி வராமலிருக்க: காலி செய்ததும் மூன்று நான்கு கேலன் தண்ணீர் உள்ளே விட்டுத்தான் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகே காலி செய்யுங்கள், அப்போதுதான் வேகமாக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரை மிச்சப்படுத்தப் பார்க்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த டேங்க்குக்கு அது ஒத்துவராது.

மருந்து போட விரும்பினால் பாக்டீரியா, என்சைம் வகையைப் போடுங்கள். ஃபார்மால்டிஹைட் உள்ளதைத் தவிருங்கள். செப்டிக் டேங்க்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும், கலிஃபோர்னியாவில் அதற்குத் தடையே இருக்கிறது. பிளாக் டேங்க்கில் ப்ளீச் ஊற்றவே கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு உண்டாகும்.

அறிகுறி: டாய்லெட் அடியில் ஈரம், தரை ஓரத்திலிருந்து வாடை

டாய்லெட்டை இரு கையால் பிடித்து மெல்ல அசையுங்கள். ஆடினால் அடியில் உள்ள இரண்டு நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் பிளாஸ்டிக் அடிப்பகுதி உடையும். இறுக்கியும் கசிந்தால் தரைச் சீல் மாற்ற வேண்டும், அரைநாள் வேலை. தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஊறின ரொட்டி போல அமுங்கினால் பலகை உளுத்துவிட்டது. அதற்குமேல் நீங்கள் தொடாதீர்கள்.

அறிகுறி: வெந்நீர் திறந்தால் மட்டும் முட்டை நாற்றம்

இது சாக்கடையே இல்லை, வாட்டர் ஹீட்டரில் வளரும் பாக்டீரியா. ஹீட்டரை அணைத்து, முழுதாக ஆறவிட்டு, தண்ணீர் இணைப்பை மூடி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடைப்பானைக் கழற்றிக் காலி செய்யுங்கள். சூடாக இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் பீய்ச்சி அடிக்கும். ஹீட்டர் அரிக்காமலிருக்கத் தான் கரையும் உலோகத் தண்டு (ஆனோடு) உள்ள மாடலானால் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர் டேங்க்கின் கொள்ளளவில் ஒவ்வொரு 15 கேலனுக்கும் கால் கப் வாசனையில்லாத ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் வரவிட்டுச் சில மணி நேரம் நிறுத்தி, வாடை போகும்வரை அலசுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

எல்லா ஓட்டையையும் மூடியும் நாற்றம் நிற்கவில்லை, வண்டியின் அடிவயிற்றை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு உப்பித் தொங்குகிறது, தரை அமுங்குகிறது, சுவரிலோ கூரை உட்புறத்திலோ வாடை வருகிறது. இதில் ஒன்று இருந்தாலும் டேங்க் விரிசலோ சுவருக்குள் குழாய் உடைப்போ இருக்க வாய்ப்பு அதிகம். கூரைக்கு வெளியே வராமல் உட்கூரையிலேயே முடிந்துபோன காற்றுக் குழாயும் உண்டு, அது புது வண்டியிலும் நடக்கும். உப்பிய தகட்டை நீங்களே கிழிக்காதீர்கள், தேங்கிய கழிவு தலையில் கொட்டும்.

இடத்துக்கே வரும் மொபைல் ஆர்வி டெக்னீஷியன்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். மணிக்கு 100 டாலருக்கு மேல் ஆகும், வருகைக் கட்டணம் தனி. எனவே என்னென்ன சோதித்தீர்கள், நாற்றம் எப்போது வருகிறது, டேங்க் எவ்வளவு நிறைந்தபோது வருகிறது என்று எழுதிக் கையில் கொடுங்கள், அவர் தேடும் நேரம் மிச்சமாகும். வண்டி வாரண்டியில் இருந்தால் எதையும் கழற்றும்முன் படம் எடுத்துக்கொண்டு, வாங்கிய இடத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். குழாயைப் பிரித்த பிறகு போனால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.